மூளை செல்லுக்கு வயதானால்…



இன்றைய பேச்சின் பொருள் ஒரு கேள்வி. மனிதருக்கு வயதாகிறது, அது எல்லோரும் அறிந்தது. மனிதரின் மூளைக்குள் இருக்கும் ஒவ்வொரு செல்லுக்கும் தனித்தனியே வயதாகிறதா? ஆகிறது என்றால், அந்த முதுமைக்கும் அல்சைமர் என்னும் மறதி நோய்க்கும் என்ன உறவு?

வயதானவர் எல்லோருக்கும் அந்த நோய் வருவதில்லை. ஆனால் நோய் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வயதானவர்கள். 65 வயதைத் தாண்டிய பிறகு, சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆபத்து இரட்டிப்பாகிறது. இவை எல்லாமே உண்மை. முதுமைக்கும் நோய்க்கும் நடுவே ஏதோ நடக்கிறது. அது என்ன என்பதைத்தான் உலகின் சில ஆய்வுக்கூடங்கள் இப்போது துருவிக்கொண்டிருக்கின்றன.

"பாட்டிக்கு வயசாயிடுச்சு, மறதி வரத்தானே செய்யும்!" வீடுகளில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. படிக்காதவர்களின் பேச்சு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவ உலகமும் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

1901 நவம்பர் 25. பிராங்க்ஃபர்ட் நகரின் மனநலக் காப்பகத்தில் ஆகுஸ்டே டீட்டர் என்ற பெண்மணி சேர்க்கப்படுகிறார். வயது 51. கணவர்மீது காரணமில்லாத சந்தேகம், பொருட்களைக் கண்ட இடத்தில் ஒளித்து வைப்பது, இரவில் கூச்சல். மறுநாள் ஒரு மருத்துவர் வந்து அருகே அமர்கிறார். அவர் பெயர் அலாய்ஸ் அல்சைமர்.

உங்கள் பெயர் என்ன? ஆகுஸ்டே. குடும்பப் பெயர்? ஆகுஸ்டே. கணவர் பெயர்? அதற்கும் ஆகுஸ்டேதான் என்று நினைக்கிறேன் என்கிறார். பென்சிலைக் காட்டுகிறார் மருத்துவர், சரியாகச் சொல்கிறார். சாவியைக் காட்டுகிறார், அதையும் சரியாகச் சொல்கிறார். பிறகு மதியச் சாப்பாடு வருகிறது. தட்டில் காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், கீரை என்கிறார். பெயரை எழுதச் சொன்னால், "திருமதி" என்று எழுதியதோடு கை நின்றுவிடுகிறது. மீதியை மருத்துவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் கற்பனை அல்ல. அல்சைமர் தம் கையெழுத்தில் எழுதிய அந்த மருத்துவக் கோப்பு பல்லாண்டுகள் காணாமல் கிடந்து, 1995இல் பிராங்க்ஃபர்ட்டிலேயே கண்டெடுக்கப்பட்டது.

ஆகுஸ்டே 1906 ஏப்ரலில் இறந்தார். அதற்குள் அல்சைமர் மியூனிக் நகருக்கு மாறியிருந்தார். ஆனாலும் அந்த நோயாளியை அவர் மறக்கவில்லை. மூளையை வரவழைத்தார், மெல்லிய சீவல்களாக அறுத்தார், வெள்ளிச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. செல்களுக்கு வெளியே திட்டுத் திட்டாகப் படிவுகள். செல்களுக்கு உள்ளே முறுக்கிய நூல்போல முடிச்சுகள். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி டூபிங்கன் நகரில் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை விவரித்தார். பேசி முடித்தபோது ஒருவர்கூட ஒரு கேள்வியும் கேட்கவில்லை. (இந்த அவை அவ்வளவு கடுமையானதல்ல என்று நம்பலாம்.)

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஆகுஸ்டேவுக்கு வயது 51தான். கிழப்பருவம் வரவில்லை. அதனால்தான் அது நோய் என்று மருத்துவர்களுக்குப் பட்டது. 1910இல் எமில் கிரேப்பலின் தம் பாடநூலில் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டபோது, நடுத்தர வயதினரைத் தாக்கும் அரிய நோயாகவே அது பதிவானது. அப்படியானால் எழுபதிலும் எண்பதிலும் நினைவு தப்பியவர்கள்? அவர்களுக்கு வந்தது நோய் அல்ல, முதுமை என்றார்கள். ஐம்பதில் வந்தால் நோய், எண்பதில் வந்தால் விதி! இந்தப் பாகுபாடு அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அதை உடைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன். 1976இல் ஒரு சிறிய தலையங்கம் எழுதினார். முதியவர்களின் மூளையிலும் அதே படிவுகள், அதே முடிச்சுகள். ஆகவே இரண்டும் ஒரே நோய்தான் என்று வாதிட்டார். ஒரே நாளில் அரிய நோய் பெருநோயாகிவிட்டது. நிதி வந்தது, ஆய்வு பெருகியது, சங்கங்கள் தோன்றின. "இது முதுமை அல்ல, நோய்" என்பது முழக்கமாகவே ஆயிற்று.

அந்த முழக்கம் தேவைப்பட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. முதுமை என்ற சொல்லையே ஆய்வாளர்கள் மேசையிலிருந்து துடைத்துவிட்டார்கள். கவனம் முழுவதும் குப்பையின்மீது குவிந்தது.

எந்தக் குப்பை? அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்கு. செல்களுக்கு வெளியே தெரிந்த படிவுகள் இதனால் ஆனவை என்பது 1980களின் நடுவில் தெரிந்தது. உள்ளே தெரிந்த முடிச்சுகள் டவ் என்ற மற்றொரு புரதத்தால் ஆனவை என்பது அடுத்த சில ஆண்டுகளில் தெரிந்தது. படிவை அகற்றினால் நோய் அகலும் என்ற நம்பிக்கையில் கோடி கோடியாகப் பணம் கொட்டப்பட்டது. 2002 முதல் 2012 வரையிலான கணக்கு ஒன்று உண்டு. 244 மருந்துகள், 413 சோதனைகள். அங்கீகாரம் பெற்றது ஒரே ஒரு மருந்து!

பின்னர் நிலைமை கொஞ்சம் மாறியது. 2023இல் அமெரிக்காவில் லெகனெமாப் என்ற மருந்து அங்கீகாரம் பெற்றது. 1,795 பேரிடம் நடந்த சோதனை அது. மூளையின் படிவுகளை அது நன்றாகவே துடைத்தது. நோயாளியின் நிலை? பதினெட்டு மாதங்களில் சரிவின் வேகம் 27 சதவீதம் குறைந்தது. அதாவது சரிவு நிற்கவில்லை, மெதுவானது. சிலருக்கு மூளையில் வீக்கமும் ரத்தக் கசிவும் ஏற்பட்டன. குப்பை போன பிறகும் நோய் நடக்கிறதென்றால், குப்பை மட்டுமே நோய் அல்ல என்றுதானே பொருள்?

மறுபக்கமும் பாருங்கள். அமெரிக்காவில் டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய கன்னியாஸ்திரிகள் ஆய்வு புகழ்பெற்றது. 678 சகோதரிகள் ஆண்டுதோறும் நினைவுத் தேர்வு எழுதவும், இறந்த பின் மூளையைத் தானமாகத் தரவும் சம்மதித்தார்கள். அவர்களில் ஒருவர் நூறு வயதைத் தாண்டியும் தேர்வுகளில் தெளிவாகப் பதில் சொன்னவர். இறந்தபின் அவர் மூளையைப் பார்த்தால் படிவுகளும் முடிச்சுகளும் ஏராளம்! குப்பை இருந்தும் நோய் வெளிப்படவில்லை. ஒருவரின் செல் தாங்குகிறது, மற்றவரின் செல் தாங்கவில்லை. ஏன்? இந்த ஏன் என்ற கேள்விதான் ஆய்வாளர்களைக் குப்பையிலிருந்து செல்லின் பக்கம் திருப்பியது.

இப்போது மூளையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஃபிலடெல்பியா நகருக்குப் போக வேண்டும்.

அங்கே விஸ்டார் நிறுவனத்தில் லெனார்டு ஹேஃப்லிக் என்ற இளைஞர் மனிதச் செல்களைக் கண்ணாடிக் குடுவைகளில் வளர்த்துவந்தார். செல் இரண்டாகும், இரண்டு நான்காகும், குடுவை நிரம்பும். பாதியை எடுத்து வேறு குடுவையில் போடுவார்கள். அன்றைய வேதவாக்கு என்ன தெரியுமா? உடலிலிருந்து பிரித்த செல்லுக்குச் சாவே இல்லை என்பது. நோபல் பரிசு பெற்ற அலெக்ஸிஸ் கேரல் 1912இல் கோழிக்கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். அது 34 ஆண்டுகள் வளர்க்கப்பட்டது. அவ்வளவு பெரிய மனிதர் சொன்னதை யார் மறுப்பார்கள்?

ஹேஃப்லிக்கின் செல்களோ சுமார் ஐம்பது முறை பிரிந்தபின் நின்றன. மறுபடி வளர்த்தார், மறுபடி நின்றன. தொற்றா? சத்துக் குறைவா? யாருக்கும் தெரியாத நச்சா? சந்தேகத்தைத் தீர்க்க அவரும் சக ஆய்வாளர் பால் மூர்ஹெட்டும் செய்த சோதனை இன்றும் ரசிக்கத்தக்கது. பலமுறை பிரிந்து களைத்த ஆண் செல்களையும், சிலமுறையே பிரிந்த இளைய பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்தார்கள். ஒரே சோறு, ஒரே தண்ணீர், ஒரே சூடு. சில காலம் கழித்துப் பார்த்தால் குடுவையில் பெண் செல்கள் மட்டுமே இருந்தன. குடுவையில் கோளாறு என்றால் இரண்டும் அல்லவா நின்றிருக்க வேண்டும்? செல் தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறது! உறையவைத்த செல்களை மீண்டும் உயிர்ப்பித்தாலும், விட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கையைத் தொடர்ந்தன.

1961இல் இந்த முடிவுகளைச் சொல்லும் கட்டுரை வெளிவந்தது. அதற்குமுன் ஒரு பெரிய இதழ் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. கேரலின் கோழிச் செல்களுக்கு எப்படி ஆயுள் நீண்டது? உணவாக ஊற்றிய கருச்சாற்றோடு புதிய செல்களும் சேர்ந்து போயிருக்கும் என்பதுதான் இன்றைய ஊகம்.

பிரிவது நின்றுபோன அந்த செல்கள் சாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரோடு இருக்கின்றன, உண்கின்றன, வீங்கிப் பருத்துத் தட்டையாகின்றன. பி16 என்ற புரதம் உள்ளே பிரேக் போட்டுவிடுகிறது. டி.என்.ஏ.யில் அடிபட்ட செல் மேலும் மேலும் பிரிந்தால் புற்றுநோயாகலாம். அதைத் தடுக்கும் காவல் இது. காயம் ஆறுவதற்கும் இத்தகைய செல்கள் கொஞ்ச காலம் உதவுகின்றன. வேலை முடிந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் வந்து இவற்றை அப்புறப்படுத்திவிடும். இளமையில் அப்படித்தான் நடக்கிறது.

முதுமையில்? அப்புறப்படுத்துவது தாமதமாகிறது. இவை தங்கிவிடுகின்றன. தங்கினால் என்ன, ஓரமாகக் கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று தோன்றும். கலிபோர்னியாவின் ஜூடித் கேம்பிசி இங்கேதான் முக்கியமாகிறார். இந்த செல்கள் சும்மா இருப்பதில்லை, அழற்சியூட்டும் புரதங்களை ஓயாமல் வெளியே கொட்டுகின்றன என்பதை அவர் குழு 2008இல் விரிவாகக் காட்டியது. வெங்காய மூட்டையில் ஒன்று அழுகினால் அது தன்னளவில் நிற்பதில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் நாலையும் ஈரமாக்கி, நாற்றத்தை மூட்டை முழுவதும் பரப்பிவிடுகிறது. செல் முதுமை என்று அறிவியல் சொல்வது ஏறக்குறைய இதைத்தான். வயதான மனிதரோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எண்பது வயதுக்காரரின் உடலிலும் பெரும்பாலான செல்கள் ஒழுங்காகவே வேலை செய்கின்றன, கெட்டவை சில. அந்தச் சிலவற்றை எடுத்துவிட்டால்?

அதைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டேரன் பேக்கரும் சக ஆய்வாளர்களும் ஒரு தந்திரமான எலியை உருவாக்கினார்கள். பி16 இயங்கும் செல் எதுவோ, அது மட்டும் குறிப்பிட்ட மருந்து கொடுத்தால் தற்கொலை செய்துகொள்ளும்படி மரபணு அமைப்பு. 2011இல் முடிவு வெளியானது. சீக்கிரமே மூப்படையும் வகையைச் சேர்ந்த அந்த எலிகளில், தசை இளைப்பதும் கண்புரை வருவதும் தள்ளிப்போயின. 2018இல் அதே முறையை மூளைக்குக் கொண்டுவந்தார்கள். டவ் முடிச்சுகள் உருவாகி நினைவு கெடும் வகை எலிகளில், முடிச்சு வருவதற்கு முன்பே ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா என்னும் இரண்டு துணைச் செல் வகைகள் முதுமையடைந்திருப்பதைக் கண்டார்கள். அவற்றைத் தொடர்ந்து அகற்றிவந்தபோது முடிச்சுகள் குறைந்தன. எலிகளின் நினைவு காப்பாற்றப்பட்டது.

மைக்ரோகிளியா என்பவை மூளையின் துப்புரவாளர்கள். ஆஸ்ட்ரோசைட்டுகள் நியூரான் என்னும் நரம்பு செல்களுக்கு ஊட்டமும் ஒழுங்கும் தருபவை. இந்த இரண்டு கூட்டமும் மூப்படைந்து அழற்சியைக் கக்கினால், நடுவே இருக்கும் நியூரான் என்ன பாடுபடும்? 2019இல் பால்டிமோரைச் சேர்ந்த ஆய்வாளர்கள் மூன்றாவது வகையையும் சேர்த்தார்கள். நரம்பு இழைகளுக்கு உறை போடும் செல்களின் முன்னோடிகள், அமிலாய்டு படிவுகளைச் சுற்றி முதுமையடைந்து கிடந்தன.

இவை மூன்றும் பிரிந்து பெருகக்கூடிய செல்கள். அதனால் ஹேஃப்லிக்கின் கணக்குக்குள் ஒருவாறு அடங்கிவிடும். உண்மையான புதிர் நியூரான்தான். நினைவைத் தாங்குவது அது. அது பிரிவதே இல்லை! பிரியாத செல், பிரிவது நின்றுவிட்டது என்று சொல்வதில் என்ன அர்த்தம்?

நியூரானின் வயதை அளந்த விதம் அணுகுண்டோடு தொடர்புடையது. 1950களின் நடுவிலிருந்து 1963 வரை வல்லரசுகள் திறந்தவெளியில் வெடித்த குண்டுகளால் காற்றில் கார்பன்-14 பெருகியது. தடை ஒப்பந்தத்துக்குப் பின் படிப்படியாகக் குறைந்தது. காற்றிலிருந்து செடிக்கு, செடியிலிருந்து சோற்றுக்கு, சோற்றிலிருந்து நம் டி.என்.ஏ.வுக்கு அது வந்து சேர்ந்தது. ஒரு செல் பிறந்த ஆண்டில் காற்றில் எவ்வளவு கார்பன்-14 இருந்ததோ, அதுவே அதன் டி.என்.ஏ.யில் பதிவாகி நிற்கும். ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழு இதை ஒரு பிறப்புச் சான்றிதழாகப் படித்தது. முடிவு இதுதான்: பெருமூளைப் புறணியின் நியூரான்கள் அந்த மனிதர் பிறந்த காலத்திலேயே பிறந்தவை. மணிவிழாக் காணும் ஒருவரின் குடல் உள்படலம் சில நாட்களுக்கு முன் வந்தது, மேல்தோல் சில வாரங்களுக்கு முன் வந்தது. அவருடைய புறணி நியூரானுக்கோ அவரைப் போலவே அறுபது வயது.

அறுபது ஆண்டு உழைப்பு. மாற்று ஆள் இல்லை. மூளையின் எடை உடலில் 2 சதவீதம்தான். உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. அந்த உழைப்பில் டி.என்.ஏ. அடிபடும், ஒட்டுப்போடப்படும், மறுபடி அடிபடும்.

அல்சைமர் நோயாளிகளின் நியூரான்களில் விசித்திரமான ஒன்றை அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஹெரப் 2001இல் காட்டினார். பிரியவே கூடாத நியூரான், பிரிவதற்கு ஆயத்தமாகித் தன் டி.என்.ஏ.யைப் படியெடுத்துவிட்டு, மேலே போகமுடியாமல் நடுவழியில் நிற்கிறது. இருபது ஆண்டு கழித்து, 2021இல், மிராண்டா ஓர் என்ற ஆய்வாளர் தலைமையிலான குழு தானமாகப் பெற்ற மனித மூளைகளிலிருந்து 1,40,000க்கும் மேற்பட்ட செல் உட்கருக்களின் மரபணுச் செயல்பாட்டைத் தனித்தனியே படித்தது. முதுமையடைந்த செல்கள் சுமார் 2 சதவீதம். அவற்றில் பெரும்பாலானவை துணைச் செல்கள் அல்ல, நியூரான்கள். அந்த நியூரான்களுக்குள் என்ன இருந்தது? ஆகுஸ்டே டீட்டரின் மூளையில் அல்சைமர் பார்த்த அதே டவ் முடிச்சுகள்!

இறந்த மூளையில் நடந்து முடிந்ததைத்தான் பார்க்க முடியும். நடப்பதைப் பார்க்க வேண்டுமே? உயிரோடு இருக்கும் நோயாளியின் மூளையிலிருந்து நியூரானை எடுக்க முடியாது. ஆனால் தோலை எடுக்கலாம். தோல் செல்லைப் பின்னோக்கி ஓட்டிக் கருநிலைக்குக் கொண்டுபோகும் வித்தைக்காக ஷின்யா யமனாகா 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் நியூரானும் செய்யலாம். ஆனால் அதில் ஒரு சங்கடம். கருநிலைக்குப் போய்வரும்போது செல்லின் வயது அழிந்துவிடுகிறது. எண்பது வயதுக்காரரின் தோலிலிருந்து பச்சிளம் நியூரான் கிடைக்கும். முதுமையை ஆராயவந்த இடத்தில் முதுமையே இல்லாவிட்டால் எப்படி?

கலிபோர்னியாவின் சால்க் நிறுவனத்தில் ரஸ்டி கேஜ் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். கருநிலைக்குப் போகாமல், தோல் செல்லை நேரே நியூரானாக மாற்றினார்கள். இப்படி மாற்றினால் கொடுத்தவரின் வயது அதில் அப்படியே தங்குகிறது. 2022 இறுதியில் ஜோசப் ஹெர்டியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு: அல்சைமர் நோயாளிகளின் தோலிலிருந்து பிறந்த நியூரான்களில், அதே வயதுள்ள ஆரோக்கியமானவர்களின் நியூரான்களைவிட முதுமைக் குறிகள் கூடுதலாக இருந்தன. அவை அழற்சிப் பொருட்களைச் சுரந்தன. பக்கத்தில் வளர்த்த ஆஸ்ட்ரோசைட்டுகளையும் கிளறிவிட்டன. பிரியாத நியூரானும் தன் வழியில் மூப்படையும், மூப்படைந்தால் அக்கம்பக்கத்தைக் கெடுக்கும் என்பதற்கு இதுவரை கிடைத்த நல்ல சாட்சிகளில் ஒன்று இது.

சரி, எது முதலில்? டவ் முடிச்சு விழுந்ததால் செல் மூப்படைந்ததா? செல் மூப்படைந்ததால் முடிச்சு விழுந்ததா? பேக்கரின் எலிகளில் துணைச் செல்களின் முதுமை முந்தியது. மிராண்டா ஓரின் குழு 2018இல் வேறு எலிகளில் காட்டியதோ, டவ் சேருவதே நியூரானை முதுமைக்குத் தள்ளுகிறது என்பது. இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் என்று நினைப்பதே இன்றைய சாட்சியங்களுக்குப் பொருத்தம். சுழலில் எந்த இடத்தில் அடித்தால் நிற்கும் என்பதே மருத்துவத்துக்கு வேண்டிய விடை.

மருந்து இருக்கிறதா என்று அவையில் பலர் மனதுக்குள் கேட்பது தெரிகிறது. மூப்படைந்த செல்களை மட்டும் குறிவைத்துக் கொல்லும் மருந்துகளுக்குச் செனோலிட்டிக் என்று பெயர். 2015இல் மேயோ கிளினிக் குழு முன்வைத்த முதல் ஜோடி, டாசாட்டினிப், குவெர்செட்டின். முன்னது ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மாத்திரை. பின்னது வெங்காயத்திலும் ஆப்பிளிலும் இருக்கும் ஒரு தாவரப் பொருள். ஆமாம், மூட்டையில் அழுகுவதாகச் சற்றுமுன் சொன்ன அதே வெங்காயம்!

உடனே வீட்டுக்குப் போய்ச் சாம்பாரில் இரண்டு கை சின்ன வெங்காயம் கூடுதலாகப் போட்டால் மறதி போய்விடும் என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். சோதனையில் ஒரு வேளைக்குத் தந்த குவெர்செட்டின் 1,000 மில்லிகிராம். வெங்காயத்தில் அதைப் பெற வேண்டுமென்றால் கிலோக்கணக்கில் தின்ன வேண்டும். சாம்பார் ருசிக்கும், அவ்வளவே.

மனிதரில் நடந்த முதல் அல்சைமர் சோதனையின் முடிவு 2023இல் வந்தது. எத்தனை பேர்? ஐந்து பேர். இரண்டு நாள் மருந்து, பிறகு சுமார் இரண்டு வாரம் ஓய்வு, இப்படியே பன்னிரண்டு வாரம். மூப்படைந்த செல்லைக் கொன்றுவிட்டால் அது திரும்ப உருவாக நாளாகும் என்பதால் தினமும் மருந்து வேண்டியதில்லை என்பது இதன் தர்க்கம். ஐவரில் நால்வரின் மூளைத் தண்டுவடத் திரவத்தில் டாசாட்டினிப் காணப்பட்டது. குவெர்செட்டின் யாரிடமும் காணப்படவில்லை. பெரிய பாதிப்பு எதுவும் நேரவில்லை. நினைவு மேம்பட்டதா என்று ஐந்து பேரை வைத்துச் சொல்ல முடியாது. பாதுகாப்பானதா, மூளைக்குப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கவே அந்தச் சோதனை. அடுத்த கட்டத்தில்தான் போலி மருந்தோடு ஒப்பிட்டு அளக்கிறார்கள்.

உற்சாகத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். டவ் எலிகளில் வைக்கப்படும் மரபணு மாற்றங்கள் பெரும்பாலும் வேறொரு மறதி நோய்க் குடும்பத்திலிருந்து எடுத்தவை. அல்சைமர் நோயாளிகளிடம் அந்த மாற்றம் இல்லை. பேக்கரின் எலிகளுக்கு நோய் முற்றுவதற்கு வெகுமுன்பே சிகிச்சை தொடங்கியது. மருத்துவரிடம் வரும் மனிதர்களோ நோய் வளர்ந்த பிறகே வருகிறார்கள். 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எலிகளின் கல்லீரலில் பி16 மிகுந்த செல்களை அகற்றியபோது நன்மைக்குப் பதில் கேடு விளைந்தது; போன இடத்தை நிரப்ப வேறு செல் வரவில்லை, தழும்புதான் வந்தது. கல்லீரலுக்கே அந்தக் கதி என்றால், ஈடே இல்லாத நியூரானைக் கொல்வதா? மூப்படைந்தாலும் அதற்குள் ஒரு முகமோ, ஒரு பெயரோ, ஒரு பாட்டோ இன்னும் மிச்சமிருக்கலாம். கொல்வதைவிட, அது கக்கும் நஞ்சை அடக்குவது நல்ல வழியாக இருக்கக்கூடும். அந்தத் திசையிலும் ஆய்வாளர்கள் போகிறார்கள்.

இந்தப் பேச்சின் கருத்து இதுதான். ஐம்பது ஆண்டுக்கு முன் முதுமையையும் நோயையும் பிரித்தது அன்றைக்குச் சரி. இன்று மறுபடி முதுமையை ஆய்வு மேசைக்கு எடுத்து வருவதும் சரி. ஆனால் இரண்டு முறையும் முதுமை என்ற சொல் ஒரே பொருளில் வரவில்லை. அன்று அது கையை விரிப்பதற்கான சாக்கு. இன்று அது அளக்கக்கூடிய, பி16 என்று பெயர் சொல்லிச் சுட்டக்கூடிய, ஒருவேளை திருத்தவும் கூடிய செல்நிலை. படிவும் முடிச்சும் உண்மை. அவற்றைத் தாங்கும் செல்லின் நிலையும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் இத்தனை மருந்துகள் தோற்றன என்று எண்ண இடமிருக்கிறது.

2021இல் உலகில் 5.7 கோடிப் பேர் டிமென்ஷியா என்னும் மறதி நோய்களோடு வாழ்ந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் 60 முதல் 70 சதவீதம் வரை அல்சைமர். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று தேசிய அளவிலான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. சென்னையும் வேலூரும் மறதி நோய் ஆராய்ச்சிக்குப் புதியவை அல்ல. வளரும் நாடுகளின் மறதி நோயை அளக்க முனைந்த 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழுவில் இரண்டு ஊர்களும் இடம்பெற்றன. அந்தப் பெயரே ஒரு குற்றச்சாட்டு: நோயாளிகளில் 66 சதவீதம் இருப்பது வளரும் நாடுகளில், அவர்களைப் பற்றிய ஆய்வோ 10 சதவீதத்துக்கும் குறைவு.

செனோலிட்டிக் மருந்து நாளைக்கே கடைக்கு வரப்போவதில்லை. "இளமை மாத்திரை" என்று இணையத்தில் விற்கும் டப்பாக்களை வாங்கி வீட்டில் உள்ள பெரியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். டாசாட்டினிப் விளையாட்டல்ல, ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும், நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும். இன்றைக்கே செய்யக்கூடியவை வேறு. லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் டிமென்ஷியாவில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, மது, காற்று மாசு, தனிமை எல்லாம் அதில் உண்டு. நம் வீடுகளில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது காது. தாத்தாவுக்குக் காது மந்தம் என்று சிரித்துவிட்டுப் போகிறோம். காதுக் கருவி வாங்கித் தருவதில்லை. கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். விலகியவரின் மூளைக்கு வேலை குறைகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் கேட்டதையே கேட்டால், பழகிய தெருவில் வழி தவறினால், வயசாயிடுச்சு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும், தைராய்டு சுரப்பு குறைந்தாலும் வரும், மனச்சோர்விலும் வரும். இவற்றுக்கு மருந்து உண்டு. முதல் இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.